அக்காவின் இடது முழங்கை

அந்த முழங்கை அசைந்ததா, இல்லையா? போன வருடம் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில், வியர்வை வழிவது தெரிகிற தூரத்தில், ஒரு பெண்ணின் இடது முழங்கை தலைக்கு மேல் பாரத்தோடு நின்றது. நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்ததா, நின்றபடியே இருந்ததா என்று சொல்வதற்குத்தான் என்னை அங்கே நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். நான் சொல்லிவிட்டேன். ஆனால் சொன்னது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என் மகள் தூளியிலிருந்து எட்டிக் கையை நீட்டி என்னைக் கூப்பிடும்போதுகூட அந்தச் சின்ன முழங்கையைத்தான் முதலில் பார்க்கிறேன். முழுசாக நீண்டிருக்கிறதா, கொஞ்சம் மடங்கியிருக்கிறதா என்று கண் தானாகவே அளக்கிறது. பிறகுதான் பிள்ளை அழுகிறாள் என்பது மனதில் ஏறுகிறது.

பளுதூக்கும் போட்டியைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேடைக்கு முன்னால் ஒருவர், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் என மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருப்போம். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பொத்தான்கள். தூக்கியது சரி என்றால் வெள்ளை விளக்கு, தப்பு என்றால் சிவப்பு. இரண்டு வெள்ளை விழுந்தால் போதும். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளக் கூடாது. கம்பியைத் தோள்வரை ஏற்றி நிறுத்தி, அங்கிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். கை போய் நின்றுவிட்டால் நின்றதுதான். பாதியில் தேங்கி, அப்புறம் அழுத்தி நிமிர்த்தினால் சிவப்பு. சிலருக்குப் பிறவியிலோ விபத்திலோ முழங்கை முழுசாக நீளாமல் இருக்கும். அவர்கள் போட்டி தொடங்குவதற்கு முன்பே மூன்று நடுவர்களிடமும் கையை நீட்டிக் காட்டிவிட வேண்டும். காட்டிவிட்டால் அந்த வளைவைக் குற்றமாகக் கொள்ளக் கூடாது. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. தேர்வு எழுதி நடுவரானவள் நான், அந்தப் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்வேன்.

அன்று மேடையில் நின்ற அக்கா எனக்குக் கல்லூரியில் மூத்தவள். உடையார்பாளையம் பக்கம். சின்ன வயதில் முந்திரி மரத்திலிருந்து விழுந்து கை முறிந்து, கட்டுப் போட்டவர் போட்டபடி எலும்பு கூடிக்கொண்டது. அதிலிருந்து இடது கை நீளாது. ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் நாங்கள் பயிற்சி செய்வோம். நான் எடை குறைந்த பிரிவு, அக்கா அடுத்த பிரிவு. அவள் தூக்கும்போது நான்தான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அந்தக் கை எங்கே போய் நிற்கும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். "எங்க வூட்டுக் கதவு மாதிரிடீ இது. எவ்ளோ தள்ளுனாலும் ஒரு வெரக்கட தொறந்துதான் நிக்கும்," என்பாள். அந்த நாட்களில் வெளியூர்ப் போட்டிகளில் அவளுக்கு எப்போதும் சிவப்புதான் விழும். "கோணக்கை வருது பாரு" என்று பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள். போட்டிக்கு முன் நடுவர்களிடம் போய்க் கையை நீட்டிக் காட்டு என்றால் மாட்டாள். "பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட காட்டுற மாதிரி காட்டச் சொல்றியா?" என்று சிரித்தே தட்டிக்கழிப்பாள். சிரிப்புக்கு அடியில் இருந்த கூச்சம் அப்போது எனக்குப் புரியவில்லை. கல்லூரி முடிந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பெற்று, முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலைக்குப் போய், இத்தனைக்கும் பிறகு அவள் திரும்பவும் கம்பியைத் தொட்டாள். எப்படித் துணிந்தாள் என்று நான் கேட்டதில்லை. நான் ஒரு பிள்ளை பெற்றதற்கே குனிந்து வாளி தூக்கப் பயப்படுகிறேன்.

அந்தப் போட்டி பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து, சாதனைகளுக்காக மட்டும் நடந்தது. பழைய சாதனையைவிடக் கூடுதலாகத் தூக்க முடியும் என்று நினைக்கிறவர்கள் வந்து, ஆளுக்கு மூன்று முறை முயன்று பார்க்கலாம். முறியடிப்பவர்களை மாநிலப் போட்டிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா வீட்டில் அவள் கணவர், "ஒரு தடவ போயிட்டு வா, ஆனா இதோட சரி," என்று சொல்லி அனுப்பியிருந்தார். மண்டபம் மத்தியானம்வரைதான். சாயங்காலம் அங்கே ஒரு ரிசப்ஷன். சாப்பாட்டுக் கூடத்தில் அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேடை அலங்காரம் செய்கிறவர்கள் பூக்கூடைகளோடு சுவரோரம் காத்திருந்து, அவர்களும் எங்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இறங்குவதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பெயர் கூப்பிட்டதும் கடிகாரம் ஓடும், ஒரு நிமிடம். தட்டுகளை மாற்றுகிற சத்தமும் மைக் சத்தமும் அண்டா உருளுகிற சத்தமும் ஒன்றாகிவிட்டன. நான் அரியலூரிலிருந்து காலையில் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டேன். மகள் அப்போது இன்னும் தாய்ப்பால் விடாத வயது. அத்தையும் கூட வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை பெற்ற பிறகு நான் நடுவராக உட்கார்ந்த முதல் நாள் அது. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று முந்தின நாள் விதிகளை இன்னொரு முறை படித்துவிட்டு வந்திருந்தேன்.

காலையில், எடை பார்த்து முடிந்ததும், அக்கா எங்கள் மூன்று பேர் முன்னாலும் வந்து நின்றாள். தலைமை நடுவராக இருந்தவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். எல்லோருக்கும் அவர் பெரிய சார். அக்கா அவரிடம் இடது கையை நீட்டினாள். முந்திரிக்கொட்டை ஓட்டின் பாலால் கறுத்துப்போன உள்ளங்கை. தோல் உரிந்து உரிந்து மறுபடி கறுத்தது. "சார், இதுக்கு மேல நீளாதுங்க சார். இதான் இதோட நேரு," என்றாள். கல்லூரியில் எங்கும் காட்டாத கையை அவள் காட்டுவதை அன்றுதான் பார்த்தேன். பெரிய சார் முழங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வலப்பக்க நடுவர் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தாள். எத்தனையோ தடவை எண்ணெய் தேய்த்துவிட்ட கையை முதல்முறை பார்ப்பதுபோலப் பிடித்துப் பார்த்தேன். "பாத்துக்கிட்டீங்களா, மேடம்?" என்று கேட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் எனக்குக் கண்ணடித்தாள். நான் சிரிக்கவில்லை. நடுவர் சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் முதல் முயற்சிக்கு மூன்று வெள்ளை. அது சாதனைக்குக் கீழே, கை சூடேற்றத் தூக்கியது. இரண்டாவதில் பழைய சாதனையைவிட ஒரு கிலோ கூட்டினாள். மேலே போன கம்பி பின்னால் சரிந்து விழுந்துவிட்டது. மூன்றாவதற்கும் அதே எடை. நடுவில் வேறு இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் வலப்பக்க நடுவருக்குத் தலை சுற்றியது. சர்க்கரைக்காரர், சாப்பாடு நேரம் தள்ளிப்போயிருந்தது. அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, திருச்சியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பியை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தம்பிக்கும் முறையான நடுவர் சான்று உண்டு. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. காலையில் அக்கா கையைக் காட்டியபோது இந்தத் தம்பி அங்கே இல்லை என்பது என் மனதில் தட்டியது. பெரிய சாரிடம் சொல்லலாம் என்று எழப்போனேன். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பார்வையை மேடையிலிருந்து எடுக்க முடியாது. அந்தப் பெண் தூக்கி முடித்ததும் மைக்கில் அக்கா பெயர் வந்தது. கடிகாரம் ஓடத் தொடங்கியது. ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளுக்காக, அவளுடைய நிமிடம் ஓடும்போது, நடுவராக இருக்கிற நான் எழுந்து பேசுவதா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எழவில்லை. எழுந்திருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது. நாளைக்கே, எழாததுதான் முறை என்றும் தோன்றும்.

அக்கா வெள்ளைப் பொடியைக் கையில் தேய்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் கறுப்பின்மேல் பொடி ஒட்டவே ஒட்டாது, சாம்பல் நிறமாகத்தான் தெரியும். கம்பியைப் பிடித்தாள். தோளுக்கு ஏற்றினாள். எழுந்து நின்றாள். ஒரு மூச்சு. முட்டியைச் சற்று மடக்கி மேலே வீசினாள். கால்கள் முன்னும் பின்னும் பிரிந்தன. கம்பி தலைக்கு மேல் போய்விட்டது. அவளது இடது கை என் பக்கம். அது போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. சரியாக அந்த நேரத்தில், அண்டாச் சத்தத்தையும் மைக்கையும் தாண்டி, கடைசி வரிசையிலிருந்து என் மகள் வீறிட்டாள்.

எத்தனை குழந்தைகள் அழுதாலும் தன் பிள்ளையின் அழுகை தாய்க்குத் தனியாகக் கேட்கும். கேட்டதும் பால் சுரந்துவிடும். அதைப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்டு உடம்பு செய்வதில்லை. எனக்கும் சுரந்தது. நடுவர் கோட்டுக்குள் ரவிக்கை நனைவது தெரிந்தது. நான் தலையைத் திருப்பவில்லை. அது நிச்சயம். கண் கையிலேயே இருந்தது. அந்த முழங்கை நின்ற இடத்திலிருந்து இன்னும் ஒரு நூல் மேலே போனதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். என் உடம்பு குலுங்கியதா, அவள் கை குலுங்கியதா? கண் அந்த ஒரு கணம் கலங்கியதா? கால்களைச் சேர்த்து அக்கா ஆடாமல் நின்றாள். கம்பியைப் போடலாம் என்று பெரிய சார் கையை இறக்கிக் காட்டினார். கம்பி தடாலென்று விழுந்தது. சிவப்பை அழுத்தினேன்.

விளக்குகள் எரிந்தன. நடுவில் வெள்ளை, இரண்டு ஓரமும் சிவப்பு. அக்கா வலப்பக்கம் பார்த்தாள், பிறகு என் பக்கம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு வாத்தியார் தப்புப் போட்டுக் கொடுத்த விடைத்தாளை வாங்கிப் பார்க்கிற மாணவியைப்போல, எங்கே தப்பு என்று தேடுகிற முகம். நான் எழுந்து நின்றுவிட்டேன். "சார், அந்தத் தம்பிக்குக் கை விஷயம் தெரியாது சார்," என்றேன். பெரிய சார் கையை அமர்த்தி, "உக்காரும்மா, அடுத்த ஆளுக்கு டைம் ஓடுது," என்றார். அடுத்த ஆள் மேடைக்கு வந்துவிட்டாள். உட்கார்ந்தேன். அவளுக்கும் நியாயம் வேண்டுமே. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் என்ன விளக்குப் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. அதை நினைத்தால் அது வேறு பயம்.

எல்லாம் முடிந்ததும் பெரிய சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். திருச்சித் தம்பி முகம் வெளுத்துவிட்டது. "யாரும் எங்கிட்ட சொல்லலையே சார். கை நீளல, செவப்பு போட்டேன். தெரிஞ்சிருந்தா வெள்ளைதான் சார். அவங்க சுத்தமா நின்னாங்க," என்றான். அவன் சிவப்பு தெரியாமல் விழுந்தது. அவனுக்குத் தெரிந்திருந்தால், நான் சிவப்புப் போட்டாலும் இரண்டு வெள்ளையில் சாதனை நின்றிருக்கும். பெரிய சார் என் பக்கம் திரும்பினார். "அவன் தெரியாம போட்டான். நீ தெரிஞ்சு போட்டிருக்க. என்னம்மா பாத்த?"

"அசைஞ்சுது சார்."

"எவ்ளோ?"

"கொஞ்சம்."

"என் கண்ணுக்குத் தெரியல. நேரா இருந்து பாத்தா தெரியாதுதான். ஓரத்துலேந்து நீ பாத்தா சரியா இருக்கும்," என்றார். அவர் என்னை நம்பினார். நம்பாமல் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். நடுவர் மாறியது எங்கள் பக்கத் தப்பு என்பதால் அக்காவுக்கு இன்னொரு முயற்சி கொடுப்பதுதான் நியாயம் என்று அவரே சொன்னார். அக்காவைக் கூப்பிட்டு விட்டார். மணிக்கட்டில் சுற்றிய துணியைக் கழற்றிக்கொண்டே அவள் வந்தாள். அவள் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அப்போதுதான் எல்லோரும் மேடையைத் திரும்பிப் பார்த்தோம். பலகைகளைப் பிரித்தாகிவிட்டது. கம்பியும் தட்டுகளும் குட்டி லாரியில் ஏறி, லாரி வாசலைத் தாண்டிவிட்டது. இரவல் வாங்கிய சாமான்கள், வேறு ஊர் போய்ச் சேர வேண்டியவை. மேடை நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு சோபாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள்.

"அந்த சோபாவ வேணா தூக்கிக் காட்டட்டுங்களா சார்?" என்றாள் அக்கா.

பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பெரிய சார்கூடச் சிரித்துவிட்டு, உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கடைசி வரிசையில் அத்தை பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். "ஒரு கொசு கடிச்சிடுச்சும்மா, அதுக்குத்தான் அந்தக் கத்து," என்றார்.

புது பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் நின்றோம். அக்கா அரியலூர் போய் அங்கிருந்து மாற வேண்டும். ஒளிய இடமில்லை. அவள் என்னிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "ஒங்கம்மா ரொம்ப ஸ்ட்ரிக்டு ஆபீசருடீ. வளந்தப்பறம் ஒனக்கு ஒரு மார்க்கு கூடுதலாப் போட மாட்டா," என்று கொஞ்சினாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள். "நெசமா சொல்லு. கை அசைஞ்சுதா? எனக்குத் தெரியல. அந்தக் கனத்துல கை எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. அந்தப் பையன வுடு, அவன் புதுசு. நீ சொன்னாத்தான் உண்டு."

"ஆமாக்கா," என்றேன். சட்டென்று, யோசிக்காமல். நடுவர் தயங்கக் கூடாது என்றுதான் படித்திருக்கிறேன்.

"அப்ப சரி," என்றாள் அக்கா. அவ்வளவுதான். பஸ் வந்தது. ஜன்னலோரத்தில் என்னை உட்காரவைத்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தோதாகத் தன் துண்டைக் கொடுத்து மறைத்துவிட்டாள். எங்கள் ஊர் வரும்வரை அந்தக் கை என் தோளோடு ஒட்டியே இருந்தது. கல்லூரி நாட்களில் அவளுக்குச் சிவப்புப் போட்டவர்களையெல்லாம் அவள் ஏசியிருக்கிறாள். என்னை மட்டும் நம்பிவிட்டாள்.

யாரோ எடுத்த வீடியோ ஒன்று பிறகு கிடைத்தது. பாட்டுச் சேர்த்து, வேகம் குறைத்துப் போட்டிருந்தார்கள். மேடைக்குப் பக்கவாட்டில், வலது ஓரச் சுவரிலிருந்து எடுத்தது. இடது கையைத் தட்டு மறைக்கிறது. கம்பி மேலே போனதும் எடுத்தவர் சந்தோஷத்தில் துள்ளியிருக்கிறார், படம் கூரைக்குப் போய்விடுகிறது. இருந்தாலும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் நான் தெரிகிறேன், கல்லுப் பிள்ளையார்போல உட்கார்ந்திருக்கிறேன். என் கணவர், "நீ பாத்தத போட்ட. அதுக்கு மேல நடுவர் என்ன பண்ண முடியும்?" என்று சொல்லி போனை வாங்கி வைத்துவிட்டார். நான் பார்த்தேனா என்பதுதானே கேள்வி? இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த இடத்தில் முன்பின் தெரியாத பெண் நின்றிருந்தால், சந்தேகம் வந்த அந்த நொடியில் வெள்ளை போட்டிருப்பேனோ? தோழிக்குச் சாய்ந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து என்னை நானே பிடித்து வைத்திருந்தேன். அந்தப் பிடி என்னை மறுபக்கம் சாய்த்துவிட்டதோ? நேராக நிற்பதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்தவளை நேர்மையானவள் என்று எப்படிச் சொல்வது?

போன வாரம் பெரிய சார் போன் செய்தார். இந்த வருடமும் சாதனைப் போட்டி உண்டு, இந்த முறை அரியலூரிலேயே. அக்கா பெயர் கொடுத்திருக்கிறாள். "அந்தப் பொண்ணு ஒண்ணே ஒண்ணுதாம்மா கேக்குது. நீதான் எடப்பக்கம் உக்காரணுமாம்," என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே அக்காவும் கூப்பிட்டாள். "இன்னொரு தடவன்னு வூட்டுல கெஞ்சி வாங்கிருக்கேன். இதுக்கு மேல அவருகிட்ட கேக்க எனக்கு வாயி இல்ல. நீ உக்காரு. நீ செவப்பு போட்டா, நான் தூக்கலன்னு மனசு ஆறிடும். வேற எவன் போட்டாலும் ஆறாது."

வீட்டில் கேட்டேன். கணவர் வேண்டாம் என்று சொல்லிவிடு என்கிறார். "போனதுக்கே ஒரு வருஷம் தூங்கல நீ." அத்தைக்கு இதில் என்ன குழப்பம் என்றே புரியவில்லை. "போயி வெள்ளைய அமுக்கிட்டு வாம்மா. புள்ள பெத்தவ தூக்குறா, ஒரு லைட்டுதானே?" என்கிறார். சமையலறையில் நின்றுகொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். உட்கார்ந்து வெள்ளை போட்டால், போன வருடத்துக்கு ஈடுகட்டத்தான் போட்டேனோ என்று நானே என்னைச் சந்தேகிப்பேன். சிவப்புப் போட்டால் அவள் "அப்ப சரி" என்பாள். அதை இன்னொரு முறை கேட்க என்னால் ஆகாது. உட்காராமல் விட்டால், காலையில் அவள் கையை நீட்டி இதுதான் இதன் நேர் என்று காட்டுவாள், மூன்று பேரும் தலையசைப்பார்கள். ஆனால் பாரம் ஏறிய பிறகு அந்தக் கை எங்கே நிற்கும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அல்லது, தெரியும் என்று அவள் நினைக்கிறாள்.

பெரிய சாருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. விடைத்தாள் திருத்துகிறவர்களும், பஞ்சாயத்தில் உட்காருகிறவர்களும், வேண்டியவர்களுக்கு வேண்டாததைச் சொல்ல நேர்ந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். கைப்பிள்ளையோடு வேலைக்குப் போய், தன் கண்ணையே நம்ப முடியாமல் நின்ற தாய்மாரும் இருப்பீர்கள். நான் செய்தது சரி என்று எனக்காகச் சொல்ல வேண்டாம், அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அந்த இடப்பக்க நாற்காலியில் நான் உட்காரலாமா?